நீ எழுதிய முடிவும் நான் எழுதிய முடிவும்

அன்புத் தோழி,

நேற்று மதியம் மகள் கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாடை வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நகல் அடிக்கும் ஸ்டென்சில் தாளில் பிழை விழுந்தால் ஒரு சிவப்புத் திரவம் தடவி, காயும்வரை ஊதுவோமே, அதே வாடை. கிள்ளான் கோயில் மண்டபத்தில் நீ வாசிக்க வாசிக்க நான் குனிந்து எழுதிய அந்தச் சனிக்கிழமைகள் மொத்தமாக வந்து முன்னால் நின்றன.

“என்னம்மா, வெங்காயமா?” என்றாள் மகள்.

“ஆமா” என்றேன்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. துக்கம் கேட்க உன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு பொறுமையாகப் பேசுவாய் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ ஒரு நாவல் எழுதியவள், அதனால் உன் வாழ்க்கையே திசைமாறிப் போனது என்று அந்தக் கூட்டத்தில் நான்கைந்து பேருக்குத்தான் தெரியும். அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வாரப் பத்திரிகை நடந்தது. ரயில் போனால் மேசைமேல் இருக்கும் தேநீர் ஆடும். நான் அங்கே பிழை திருத்துகிறவள். ‘சுண்ணாம்புச் சன்னல்கள்’ என்ற தொடர்கதை தபாலில் வாராவாரம் வந்துகொண்டிருந்தது, ஓர் ஆண் பெயரில். ஐந்தாம் அத்தியாயம் மட்டும் நேரத்துக்கு வரவில்லை. ஆசிரியர் கத்திக்கொண்டிருந்தபோது நீ குடையும் கையுமாகப் படியேறி வந்தாய்.

“எங்க அண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாரு. அவருக்குக் காய்ச்சல்.”

உறையை வாங்கும்போது உன் நடுவிரலைப் பார்த்தேன். நீல மை ஊறிப்போயிருந்தது.

“உங்க அண்ணன் பேனாவ உங்க விரல்லதான் துடைப்பாரா, மிஸ்?” என்று கேட்டேன்.

நீ ஒரு கணம் முழித்தாய். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். “யார்கிட்டயும் சொல்லிராதீங்க. நான் கவர்மெண்டு சம்பளக்காரி லா. கதை எழுதுறேன்னு தெரிஞ்சா மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பாரு.” அன்று கீழே இருந்த கடையில் இருவரும் தோசை சாப்பிட்டோம். அந்த மாதம் முடிவதற்குள் ‘மிஸ்’ போய் ‘வாடி, போடி’ வந்துவிட்டது.

கதையை இன்றைய பிள்ளைகள் யாரும் படித்திருக்கமாட்டார்கள். பெயர் சொல்லாத ஒரு நாடு. வேலையில்லாத இளைஞர்களை ‘உடல்நல ஆய்வு’ என்று சொல்லி, அலவன்ஸ் தருவதாகச் சொல்லி, ரப்பர் காட்டுக்குள் ஒரு பங்களாவுக்கு அழைத்துப் போகிறார்கள். சன்னல் கண்ணாடிகளில் எல்லாம் சுண்ணாம்பு. பகலா இரவா தெரியாது. சுவரில் ஒரு கடிகாரம். அதை ஒருநாள் வேகமாக ஓட்டுகிறார்கள், ஒருநாள் மெதுவாக. தூங்கி எழுந்து அரைமணி நேரத்தில் மறுபடி காலைச் சாப்பாடு வருகிறது. “இப்பத்தான் சாப்பிட்டேன்” என்று சொல்கிறவனிடம் டாக்டர் அன்பாக, “அது நேற்று” என்கிறார். ஒரு மனிதன் தன் கண்ணையும் வயிற்றையும் நம்பாமல், அவர்கள் சொல்வதை நம்ப எத்தனை நாள் ஆகும்? அதைக் கண்டுபிடிப்பதுதான் அந்த அரசாங்கத்தின் ரகசிய ஆராய்ச்சி.

படிக்கிறவர்களுக்குப் பைத்தியமே பிடித்தது. வெள்ளிக்கிழமை கடையில் தொங்கவிட்ட பிரதிகள் சனிக்கிழமை இருக்காது. நீ துப்பாக்கி, துரத்தல் எதுவும் வைக்கவில்லை. ஒரு கடிகாரத்தை வைத்தே எல்லாரையும் நடுங்கவைத்தாய். “எங்கிருந்துடி இந்தக் கற்பனையெல்லாம் வருது?” என்று கேட்பேன். “ராத்திரி ஷிப்டுல ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா எல்லாம் வரும்” என்பாய். நான் நம்பினேன்.

பதினோராம் அத்தியாயம் வந்த வாரம் கிள்ளானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத் தாளில் பென்சிலால் எழுதியது. “ஐயா, நீங்கள் எல்லாம் சரியாக எழுதுகிறீர்கள். ஒன்று மட்டும் தப்பு. ரொட்டியில் வெண்ணெய் என்று எழுதியிருக்கிறீர்கள். கயா ஜாம்தான் தடவித் தருவார்கள். எல்லா வேளையும் கயாதான். நான் இன்றுவரை கயா சாப்பிடுவதில்லை. உங்களுக்கு யார் சொன்னது?” கீழே மாரிமுத்து, லோரி டிரைவர், என்று விலாசம்.

யாரோ வேலையற்றவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். மதியம் நீ வந்ததும் சிரித்துக்கொண்டே நீட்டினேன். நீ நின்றபடி படித்தாய். பிறகு அங்கே கிடந்த பழைய பத்திரிகைக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாய். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

“இந்த ஆள நான் பாக்கணும். ஞாயித்துக்கெழம வர்றியா?”

பஸ்ஸில் கிள்ளான் போய்ச் சேரும்வரை நீ அந்தக் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்தாய். மாரிமுத்துவின் வீடு மலிவு வீட்டு வரிசையில் கடைசி. வாசலில் லோரி நின்றது. கதவைத் திறந்த அவர் மனைவி எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். மாரிமுத்து பின்னால் வந்து நின்றார். நல்ல உயரம், அகன்ற தோள். ஆனால் கதவுக்கு வெளியே காலை வைக்கவில்லை.

“யாரு நீங்க? கவர்மெண்டு ஆளா?”

“இல்லண்ணே. கதை எழுதுறது நான்தான்.”

அவர் நம்பவில்லை. “பொம்பளப் புள்ளைய அங்க எடுக்கலியே. ஒனக்கு யாரு சொன்னா?”

நீ கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய். “என் தம்பி சொன்னான். பேரு குணசேகரன். அவனும் அங்க இருந்தான்.”

உனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நீ சொன்னதை ஒரு வரி விடாமல் இன்னும் வைத்திருக்கிறேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான் குணா. ஆய்வில் கலந்துகொண்டால் பிறகு கிளார்க் வேலை என்று யாரோ ஆசை காட்ட, போனான். செமினிக்கு அப்பால், ரப்பர் மரங்களுக்குள்ளே என்பது மட்டும்தான் தெரியும். திரும்பி வந்தபோது மூன்று வாரம் இருந்ததாகச் சொன்னான். வீட்டில் நீங்கள் எண்ணியது இரண்டு மாதம். காலண்டரைக் காட்டினால் காலண்டர் பொய் என்றான். கூடவே ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மனநிலை சரியில்லாததால் ஆய்வுக்குத் தகுதியற்றவன், சேர்த்துக்கொள்ளப்படவில்லை என்று. கீழே அவனுடைய கையெழுத்தே இருந்தது.

மாரிமுத்து தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “எனக்கு ஆறு மாசம் இருந்த மாதிரி. இவ ரெண்டு மாசம்தான்னு சொல்றா. இத்தன வருசமா நான் பொய் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா.”

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று அழுதாள். “நான் என்னத்தக் கண்டேன், மிஸ்? கிறுக்குப் புடிச்சுப் போச்சுன்னு ஊரே சொல்லுச்சு.”

அடுத்த வாரம் குணாவையும் அழைத்துக்கொண்டு போனோம். ஒல்லியான பையன், இரண்டு கையிலும் ஒவ்வொரு கடிகாரம். பத்து நிமிடத்துக்கு ஒருதரம், “அக்கா, மணி என்ன?” என்பான். நீ சொல்வாய். அவன் தன் இரண்டு கடிகாரத்தையும் பார்ப்பான், ஆனால் நம்பியதாகத் தெரியாது. மாரிமுத்து அவனை லோரிப் படியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் குணா கேட்டான்.

“அண்ணே, மணி என்ன?”

“மூணு பத்து. ஒன்னோடதுல?”

“மூணு பத்து.”

“எனக்கும் அதே மூணு பத்துதான் தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே மணி.”

குணா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அரைமணி நேரம் கேட்கவே இல்லை. நீ வேலியோரம் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாய். ரயிலடியில் திரும்பும்போது, “கடைசி அத்தியாயத்த மாத்தப்போறேன்” என்றாய். அதுதான் உன் குரலில் நான் முதன்முறை கேட்ட பிடிவாதம்.

ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை பத்திரிகை அலுவலகத்துக்குச் சாதாரணச் சட்டை போட்ட இருவர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். எழுதுவது யார், வாசகர் கடிதங்கள் எங்கே, கதை எப்போது முடியும். ஆசிரியர் என்னைப் பார்த்தார். “கடிதமெல்லாம் வைப்பதில்லை, வாராவாரம் எறிந்துவிடுவோம்” என்று நான் மலாயில் சொன்னேன். மாரிமுத்துவின் கடிதம் உன் கைப்பையில் இருந்ததால் அந்த அளவுக்குத் தைரியம் வந்தது. அவர்கள் இறங்கித் தெருமுனை திரும்பும்வரை சன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் கெட்டவர் இல்லை; எழுதுவது நீதான் என்று அதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது. நான்கு பிள்ளைக்காரர், பத்திரிகைக்கு வருடாவருடம் அனுமதி வாங்கவேண்டும். “அடுத்த வாரத்தோட முடிச்சுருவோம்மா. எல்லாம் ஒரு பைத்தியக்காரனோட பிரமைன்னு போட்டுட்டா யாருக்கும் பிரச்சன இல்ல. அந்தப் பொண்ணு ஒத்துக்கலன்னா நீயே எழுதிரு. ஒனக்கு அவ எழுத்து நட தெரியும்.”

நான் எழுதினேன்.

இருபது வருடமாக, போன மாதம்வரை, இந்த ஒரு வரியை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார், நாங்கள் இருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ். அதையெல்லாம் நினைத்துக்கொண்டு ஒரே மதியத்தில் எழுதி முடித்தேன். கதாநாயகன் மனநல மருத்துவமனையில் கண் விழிக்கிறான். பங்களாவும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, எல்லாம் அவன் கற்பனை. நல்ல டாக்டர் ஒருவர் அவன் தோளைத் தட்டிக் கொடுக்கிறார். அச்சுக்குப் போகுமுன் உன்னிடம் காட்டினேன். ஒத்துக்கொள்வாய் என்றுகூட நினைத்தேன்.

நீ பேனாவைத் திறந்து இரண்டாம் பக்கத்தில் ஒரு ‘ர’வை ‘ற’ ஆக்கினாய். பிறகு தாளைத் திருப்பித் தந்தாய்.

“எழுத்துப்பிழை ஒண்ணு இருந்துச்சு, திருத்திட்டேன். மத்தது முழுக்கப் பிழைதான், அத நான் திருத்த முடியாது.”

“என்னடி செய்யச் சொல்ற? நம்ம ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துரும்.”

“என் தம்பிய பைத்தியம்னு எழுதிக் குடுத்துத்தான் அனுப்புனாங்க. அதையே நீயும் எழுதியிருக்க. அதுவும் என் கதையில.”

நீ கத்தவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாய். வெள்ளிக்கிழமை என் முடிவோடு பத்திரிகை வந்தது. ‘அருமையான திருப்பம்’ என்று பத்துப் பேர் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைத்தான் நான் உண்மையிலேயே எறிந்தேன்.

ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் நீ வேலைவிட்டு வரும் வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். “என் கையெழுத்து நல்லாயிருக்கும். ஸ்டென்சில் எழுதித் தரவா?” என்றேன். நீ என் விரல்களைப் பார்த்தாய். “சனிக்கெழம கிள்ளானுக்கு வா” என்றாய்.

மாரிமுத்து அந்த ஊர்க் கோயில் கமிட்டியில் இருந்தார். திருவிழா நோட்டீஸ் அடிக்க மண்டபத்தில் ஒரு சைக்ளோஸ்டைல் யந்திரம் கிடந்தது. மூன்று சனிக்கிழமை. இரும்பு எழுத்தாணியை அழுத்தி அழுத்தி என் விரல் வீங்கியது. நீ வாசிப்பாய், நான் எழுதுவேன், குணா யந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவான், மாரிமுத்துவின் மனைவி பக்கங்களை அடுக்குவாள். முடிவு எனக்கு மனப்பாடம். கதாநாயகன் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறான். யாரையும் பழிவாங்கவில்லை. பாசாரில் ஒருவன் கடைக் கடிகாரத்தை நம்பாமல் மூன்று முறை பார்ப்பதைக் காண்கிறான். இவன் அருகில் போய், “எனக்கும் அதே மணிதான்” என்கிறான். அவ்வளவுதான் கதை.

முதல் பக்கத்தில் பெயர் எழுதும் இடம் வந்தபோது நான் எழுத்தாணியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். “என் பேர எழுது, அப்பா பேரோட சேர்த்து” என்றாய்.

“வேலை போயிரும்டி.”

“போவட்டும். பொய்ப்பேரு வச்சுக்கிட்டு உண்மையச் சொல்ல முடியாது.”

ஐந்நூறு பிரதி. மாரிமுத்து லோரியில் போகிற வழியெல்லாம் கொடுத்தார். கிள்ளான், காஜாங், செலாயாங் என்று பத்திரிகை தொங்குகிற கடைகளில் சும்மாவே வைத்துவிட்டு வந்தார். இரண்டாம் வாரமே உன்னை மேலே கூப்பிட்டார்கள். எல்லாம் வெறும் கற்பனை, எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று ஒரு தாளை டைப் அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் பிரச்சினை முடிந்தது.

“எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தன் கையெழுத்து போட்டுட்டான் சார், அதுவே போதும்னுட்டேன்” என்று நீ என்னிடம் வந்து சொன்னாய். சொல்லும்போது உன் உதடு காய்ந்திருந்தது. பயப்படாதவள் என்று உன்னைப் பற்றி யாராவது சொன்னால் நான் மறுப்பேன். நீ பயந்தாய், நான் பார்த்தேன். அப்படியும் போடவில்லை.

வேலை போகவில்லை. கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றினார்கள், மூன்று வருடம். பதவி உயர்வு கடைசிவரை வரவில்லை. பேசிவைத்திருந்த கல்யாணமும் நின்றது. அதை நீ ஒரே ஒரு முறை, ஒரு கடிதத்தின் ஓரத்தில் எழுதினாய், மழை பெய்கிறது என்பதுபோல. குணா அந்த மூன்று வருடமும் மாரிமுத்து வீட்டில்தான் இருந்தான். லோரியில் சாமான் ஏற்றி இறக்கப் பழகினான். ஒரு கடிகாரத்தைக் கழற்றி மாரிமுத்துவின் மகளுக்குக் கொடுத்தான். முழுதாகக் குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். இன்றும் கூட்டமான அறையில் சன்னலோரம்தான் உட்காருவான். ஆனால் தான் அங்கே இருந்ததை எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துச் சொல்வான்.

அந்தப் பிரதிகளைப் படித்துவிட்டு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் கம்போங் மேடானிலிருந்து சைக்கிளில் வந்தார், மடித்து மடித்துக் கிழிந்துபோன நம் பக்கங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. எந்த அலுவலகமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நீ எழுதிய மனுக்களுக்கு ‘அப்படியொரு ஆய்வு நடந்ததாகப் பதிவில்லை’ என்று இரண்டு பதில், மற்றவற்றுக்கு அதுவும் இல்லை. நீ திரும்பி வந்தபிறகு மாரிமுத்து நம்மைச் செமினிப் பக்கம் அழைத்துப் போனாரே, நினைவிருக்கும். மரங்களை வெட்டிச் சாய்த்து வீட்டுமனை போட்டிருந்தார்கள். பங்களா இருந்ததாக மாரிமுத்து கணித்து வைத்திருந்த மேட்டைக்கூட வெட்டி மட்டமாக்கிவிட்டார்கள். குணா சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நீ செம்மண்ணில் நின்றுகொண்டு, “எழுதி வச்சது நல்லதாப் போச்சு. இல்லேன்னா இப்ப ஒண்ணுமே இல்ல” என்றாய்.

இப்போது ஒரு சேதி. போன மாதம் ஓர் இளைஞன் வந்தான். பதிப்பகம் ஆரம்பித்திருக்கிறானாம். நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டி உன் தொடரை முழுதும் நகல் எடுத்திருக்கிறான். புத்தகமாகப் போட ஆசை. கண் மின்ன மின்ன, “ஆன்டி, அந்தக் கடைசித் திருப்பம் இருக்கே, அதுதான் ஹைலைட்!” என்றான்.

நான் எழுந்து போய் அலமாரியிலிருந்து உன் முடிவை எடுத்து வந்தேன். மங்கிவிட்டது, ஆனால் படிக்கலாம். அங்கேயே உட்கார்ந்து படித்தான். முதல் பக்கத்துக்குத் திரும்பி உன் பெயரைப் பார்த்தான். பிறகு, “ரெண்டு முடிவையும் போடலாமே, ஆன்டி? படிக்கிறவங்க எது வேணுமோ எடுத்துக்கட்டும்” என்றான்.

“அது முடியாது தம்பி. இது அவ எழுதுனது. அது நான் பயந்தது” என்றேன்.

“நீங்களா எழுதுனீங்க?”

“நான்தான்.”

சொல்லிவிட்டேன். வீடு இடிந்து விழவில்லை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்றுவிட்டார், குவார்ட்டர்ஸை விட்டு வந்தும் பல வருடம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பழைய பயம் வந்தது. வந்தால் வரட்டும் என்று நின்றேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த நிற்பது மட்டும்தான், வேறு ஒன்றையும் நான் உருப்படியாகக் கற்கவில்லை.

புத்தகத்தில் உன் முடிவு மட்டும் வரும். உன் பெயர், உன் அப்பா பெயரோடு வரும். பத்திரிகையில் வந்த முடிவை யார், ஏன் எழுதினார்கள் என்று முன்னால் ஒரு பக்கம் வேண்டும் என்று அந்தப் பையனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். ஆசிரியர் சொன்னார், குடும்பம் இருந்தது, காலம் அப்படி என்று முதலில் நீட்டி எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு, செய்ததை மட்டும் வைத்திருக்கிறேன்.

குணாவும் மாரிமுத்துவும் அதை இன்னும் பார்க்கவில்லை. அவர்களோடு சேர்ந்து ஸ்டென்சில் எழுதியவள்தான் அந்த முதல் பொய்யையும் எழுதினாள் என்று நீ கடைசிவரை அவர்களிடம் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்டுப் போய்விட்டாய். அச்சுக்குப் போகுமுன் அவர்களுக்குத் தெரியவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கிள்ளானுக்குப் போகிறேன். தபாலில் போடலாம்தான். ஆனால் குணா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிரும்போது, நான் அவனுக்கு எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன்
சரோஜா